நாய்க்கு வாய் நாறினால் முதலில் ஈறைப் பாருங்கள்

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டு நாய் ஜிம்மிக்கு ஏழு வயது. சில மாதமாக வாய் நாறுகிறது, போன வாரம் எலும்பு கடித்தபோது அந்த எலும்பில் இரத்தம் பட்டிருந்தது. மிருக வைத்தியரிடம் காட்டியதற்கு, மயக்கம் கொடுத்துப் பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றிருக்கிறார். அம்மாவுக்கு மயக்கம் என்றாலே பயம். லயத்தில் மற்றவர்களோ "நாய் வாய் நாறத்தான் செய்யும், பெரிய மாட்டெலும்பா ஒன்னு போடு, பல்லு தானா சுத்தமாயிரும்" என்கிறார்கள். நாம் பல் விளக்கும் பற்பசையையே போட்டுத் தேய்த்துவிட்டால் என்ன என்றும் கேட்கிறார். வீட்டில் நான்கு மாதக் குட்டி ஒன்றும் இருக்கிறதாம், அதற்கு என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி.

ஹட்டனில் ஒரு மிருக வைத்தியரிடம் பல வருடமாக உதவியாளராக இருக்கிறேன், இந்தக் கேள்வி எங்களிடம் வராத வாரம் இல்லை. தங்கச்சி, உங்கள் டொக்டர் சொன்னதுதான் சரி. எலும்பு வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொண்டால் அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல உங்களுக்கே சுலபமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நாய் சாப்பிட்டு முடித்த சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கிருமிகள் சேர்ந்த ஒரு வழுவழுப்பான படலம் படிய ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வரும். இரண்டு மூன்று நாள் அதை அப்படியே விட்டால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாகிவிடும், அதுதான் மஞ்சளாகவும் காப்பி நிறத்திலும் நாம் பார்க்கும் காரை. நாயின் எச்சில் நம்முடையதைப் போல இல்லை, காரத்தன்மை கூடியது. அதனால் நமக்கு வருகிற மாதிரி பல்லில் சொத்தை விழுவது நாய்க்கு மிகவும் குறைவு, ஆனால் காரை நம்மைவிட வேகமாகப் படியும். நாயின் பல் நோய் என்றாலே பெரும்பாலும் ஈறு நோய்தான் என்பதற்கு இது ஒரு காரணம். காரையின் கரடுமுரடான மேற்பரப்பில் இன்னும் கிருமி ஒட்டும், அது ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்குக்குள் இறங்கும், ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் இரத்தம் வரும். இந்தக் கட்டம் வரைக்கும் பயமில்லை, சுத்தம் செய்து கவனித்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். அதைத் தாண்டிப் போனால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைய ஆரம்பிக்கும். கரைந்த எலும்பு திரும்ப வளராது, அதன் பிறகு இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை.

மூன்று வயது தாண்டிய நாய்களில் பாதிக்கு மேல் ஏதோ ஓர் அளவில் ஈறு நோய் இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பொமேரேனியன் மாதிரிச் சின்ன வாய்க்குள் 42 பல்லும் நெருக்கியடித்து நிற்கும் நாய்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும், தாடை எலும்பும் மெல்லியது என்பதால் நோய் முற்றினால் தாடையே ஒடிந்த நாய்களும் உண்டு.

"நல்லாச் சாப்பிடுதே, வலின்னா சாப்பிடுமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாப்பிடும். சீழ் வடியும் பல்லை வைத்துக்கொண்டும் தட்டை நக்கி முடிக்கும். வலியை வெளியே காட்டாமல் இருப்பது நாயின் சுபாவம், பசி வலியைவிடப் பெரியது. அதனால் சாப்பிடுகிறதா இல்லையா என்று பார்ப்பதைவிட எப்படிச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். ஒரு பக்கமாகவே தலையைச் சாய்த்து மெல்லுகிறதா, கடினமானதை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போடுகிறதா, மெல்லாமல் அப்படியே விழுங்குகிறதா, முன்காலால் முகத்தைத் தேய்க்கிறதா, தலையைத் தடவ வந்தால் முன்பு இல்லாத மாதிரி உறுமுகிறதா. கண்ணுக்குக் கீழே திடீரென்று ஒரு வீக்கம் வந்து உடைந்து சீழ் வருவதைப் பலரும் கண்ணில் அடிபட்டது என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். அனேகமாக அது மேல்வரிசையில் இருக்கும் பெரிய கடைவாய்ப் பல்லின் வேரில் கட்டிய சீழ். பல்லைக் கவனிக்காமல் அந்தப் புண் ஆறவே ஆறாது. ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி வந்து தும்முவதும் சில நேரம் மேல்பல் வேரிலிருந்துதான்.

சரி, வாயை எப்படிப் பார்ப்பது? வாயைப் பிளக்கத் தேவையில்லை. நாய் அமைதியாகப் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வாய் மூடியே இருக்கட்டும், மேலுதட்டை மட்டும் மெதுவாகத் தூக்கிப் பின்னுக்கு இழுங்கள். பல்லுக்குப் பக்கத்தில் ஈறு ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு நேர் கீழே இருக்கும் அந்தப் பெரிய பல்லை முக்கியமாகப் பாருங்கள், எச்சில் சுரந்து வரும் துவாரம் அதற்கு எதிரே இருப்பதால் காரை முதலில் அங்கேதான் கட்டும். நம் ஊர் நாய்களில் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக அல்லது கறுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், அது பிறவி நிறம், பயப்பட வேண்டாம். கறுப்பில்லாத இடத்தை விரலால் ஒரு முறை அழுத்திவிடுங்கள், வெளுத்த இடம் 2 வினாடிக்குள் பழைய இளஞ்சிவப்புக்கு வர வேண்டும். ஈறு முழுக்கக் காகிதம் மாதிரி வெளுத்திருந்தால் அது பல் பிரச்சினையே இல்லை, உண்ணிக் காய்ச்சலாகவோ குடற்புழுவாகவோ இருக்கலாம், அன்றைக்கே கொண்டுபோங்கள். மஞ்சளாக இருந்தாலும், சிவப்புப் புள்ளிகள் தூவிய மாதிரி இருந்தாலும் அப்படித்தான். இன்னொன்று, மழைக்காலத்தில் தேயிலைக்குள்ளும் புல்லுக்குள்ளும் சுற்றிவிட்டு வந்த நாயின் வாயிலோ மூக்கிலோ திடீரென்று இரத்தம் வந்தால் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று உதட்டின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தெருநாயோ, ஊசி போடாத நாயோ, வாயை மூட முடியாமல் தாடை தொங்கி, எச்சில் வழிந்து, எதையும் விழுங்க முடியாமல், குரல் மாறி நின்றால் "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு" என்று நினைத்துக் கையை விடாதீர்கள். விசர் நாய்க்கு அதே அடையாளம் இருக்கும். கடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, கையில் இருக்கும் சிறு கீறலில் எச்சில் பட்டாலே போதும். பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஜிம்மிக்கு விசர் நாய்த் தடுப்பூசி வருடா வருடம் போட்டிருக்கிறீர்களா என்பதை உங்கள் கேள்வியில் பார்க்கவில்லை. போடாவிட்டால் பல்லுக்கு முன் அதை முடியுங்கள்.

அடுத்தது எலும்பு. எலும்பு கடிக்கும்போது பல்லின் மேல் இருக்கும் காரை கொஞ்சம் உதிரும் என்பது உண்மைதான், அதனால்தான் இந்தப் பேச்சு இத்தனை காலம் நிற்கிறது. ஆனால் நோய் இருப்பது ஈறுக்குக் கீழே, எலும்பு அங்கே போகாது. மாட்டின் கால் எலும்பு நாயின் பல்லைவிட விட்டுக்கொடுக்காதது. அந்தப் பெரிய மேல் கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கம் பலகை மாதிரிப் பிளந்துகொண்டு வந்த நாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால் எல்லோர் வீட்டிலும் ஒரே பதில்தான், எலும்பு, இல்லாவிட்டால் கல். பெருவிரல் நகத்தால் அழுத்துங்கள், தடம் விழவில்லை என்றால் அது நாய்க்குக் கடிக்கக் கொடுக்க முடியாத அளவு கடினம். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு எல்லாம் இதில் சேரும். கறியில் வெந்த கோழி எலும்பு வேறு வகை ஆபத்து, ஊசியாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். கல்லைக் கவ்விக்கொண்டு திரிவது தோட்டத்து நாய்களுக்கு ஒரு விளையாட்டு, நாமே கல்லை எறிந்து பழக்குகிறோம். பந்தோ முடிச்சுப் போட்ட தடித்த கயிறோ கொடுத்துப் பழக்கத்தை மாற்றுங்கள், நூல் பிரிந்து வந்தால் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும். பல் தேய்ந்து நடுவில் காப்பி நிறத்தில் வழவழப்பாக இருந்தால் அது மெதுவாகத் தேய்ந்த பல், பரவாயில்லை. நடுவில் கறுப்பாகவோ சிவப்பாகவோ ஒரு ஓட்டை தெரிந்தால் நரம்பு வெளியே வந்துவிட்டது, அந்தப் பல்லுக்கு வைத்தியம் வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சோறும் பருப்பும் கொஞ்சம் மீனும் கொடுக்கும் வீடுகள்தான் நம்மில் அதிகம், அதனால் மட்டும் பல் கெடுவதில்லை. கடையில் வாங்கும் உலர் தீவனத்தைக் கொடுத்தால் பல் சுத்தமாகும் என்பதும் பாதிதான் உண்மை, சாதாரணத் தீவனம் பல் பட்டவுடனே நொறுங்கிவிடும், தேய்க்காது. பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள், பல்லுக்கும் ஆகாது, தேயிலையில் இருக்கும் கஃபீன் நாய்க்கே ஆகாது. பல்லுக்கென்று விற்கும் மெல்லும் தீனி வாங்குவதானால் உறையில் வி.ஓ.எச்.சி. (VOHC) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மிருகங்களின் வாய்ச் சுகாதாரத்துக்காக அமெரிக்காவில் 1997இல் தொடங்கிய சபை அது, காரையையோ படலத்தையோ குறைக்கிறது என்று சோதனையில் காட்டிய பொருளுக்குத்தான் முத்திரை கொடுக்கிறது.

நம் பற்பசை ஏன் கூடாது? நாய்க்குத் துப்பத் தெரியாது, எல்லாவற்றையும் விழுங்கும். நுரைக்கும் சோப்பும் ஃபுளோரைடும் வயிற்றைக் கெடுக்கும். சில பற்பசைகளில் இனிப்புக்காக சைலிட்டால் சேர்க்கிறார்கள், அது நமக்கு ஒன்றும் செய்யாது, நாய்க்கு இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், ஈரலையும் தாக்கும், உயிர் போகும். சீனி இல்லாத சுயிங்கத்திலும் அது இருக்கும், கீழே போட்டுவைக்காதீர்கள். உப்பு, கரித்தூள், செங்கல் தூள் எல்லாம் ஈறைச் சிராய்க்கும். கராம்பு எண்ணெய் நமக்குப் பல்வலியைக் கேட்கும் என்பதற்காக நாய்க்குத் தடவ வேண்டாம். நாய்ப் பற்பசை கண்டியிலும் நுவரெலியாவிலும் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், கோழி வாசனையில் வரும், அதன் உபயோகம் முக்கால்வாசி நாயைச் சம்மதிக்கவைப்பதுதான். அது கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீர் போதும். படலத்தை எடுப்பது பிரஷ் உரசும் உரசல்தான்.

குழந்தைகளுக்கு விற்கும் மிக மென்மையான பிரஷ் ஒன்று வாங்குங்கள். முதல் வாரம் பிரஷ்ஷைக் காட்டவே வேண்டாம், தினமும் ஒரே நேரத்தில், பின்னேரம் வேலை முடிந்து வந்து சாப்பாடு வைப்பதற்குச் சற்று முன்பு என்றால் நல்லது, உதட்டைத் தூக்கி விரலால் ஈறைத் தடவிவிட்டு உடனே பிடித்த தீனி ஒன்று கொடுங்கள். விரல் பழகியதும் விரலில் பாமசியில் வாங்கும் கோஸ் துணியைச் சுற்றி நனைத்துத் தேயுங்கள். அது பழகிய பிறகு பிரஷ். பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்துச் சின்ன வட்டமாக, மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லிலிருந்து ஆரம்பியுங்கள். வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும், உள்பக்கத்தை நாக்கே பெரும்பாலும் கவனித்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். நாய் முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள், பிடித்து அமுக்கிச் செய்தால் அடுத்த நாள் பிரஷ்ஷைக் கண்டதும் தேயிலைக்குள் ஓடிவிடும். தினமும் செய்ய வேண்டும், குறைந்தது ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரத்துக்கு ஒருமுறை தேய்ப்பதில் பயனில்லை, மூன்று நாளில் படலம் கல்லாகிவிடுகிறதே.

ஆனால் ஜிம்மிக்கு இன்றைக்கே பிரஷ்ஷை எடுக்காதீர்கள். ஈறு புண்ணாகி இரத்தம் வரும் வாயில் தேய்த்தால் வலிக்கும், கடிக்கும், அதற்குப் பிறகு ஆயுளுக்கும் விடாது. முதலில் டொக்டர் சுத்தம் செய்யட்டும்.

இப்போது அம்மாவின் பயம். மயக்கமில்லாமல் பிடித்துவைத்துச் சுரண்டிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். வெளியே பல் வெள்ளையாகும், வீட்டில் எல்லோருக்கும் திருப்தி, ஈறுக்குக் கீழே நோய் அப்படியே இருக்கும். பல்லின் பாதிக்கு மேல் எலும்புக்குள்தான் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் மெல்லிய கம்பி விட்டு ஆழம் அளந்து, முடிந்த இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, அதிரும் கருவியால் கீழ்க் காரையை எடுத்து, பிறகு கருவி உண்டாக்கிய நுண்ணிய கீறல்களை மெருகேற்றிச் சமப்படுத்த வேண்டும், சமப்படுத்தாமல் விட்டால் முன்னைவிட வேகமாகக் காரை ஒட்டும். விழித்திருக்கும் நாய் எதுவும் இதற்கு வாய் கொடுக்காது. மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் வைப்பதால் கருவியின் தண்ணீரும் கிருமியும் நுரையீரலுக்குள் போகாது, அதுவே பெரிய பாதுகாப்பு. பிரிட்டனில் 98,000க்கு மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஆய்வில் ஆரோக்கியமான நாய்களில் மயக்கத்தோடு தொடர்புடைய சாவு 2,000இல் ஒன்று என்ற அளவில் இருந்தது, நோயுள்ள நாய்களுக்குத்தான் அது கூடியது. அதனால் மயக்கத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்வார்களா, ஈரல், சிறுநீரகம், உண்ணிக் காய்ச்சல் பார்ப்பார்களா, மூச்சுக்குழாய் வைப்பார்களா, மயக்கத்தில் இருக்கும்போது தனியாக ஒருவர் கவனிப்பாரா என்று அம்மாவையே கூட்டிக்கொண்டுபோய்க் கேளுங்கள். கேட்பதை நல்ல டொக்டர் தப்பாக எடுக்கமாட்டார். பக்கத்தில் வசதி இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. உங்கள் பக்கமிருந்து றம்பொடை, புஸ்ஸல்லாவை, கம்பளை வழியாகப் போனாலும் நாவலப்பிட்டி வழியாகப் போனாலும் வளைவுதான். சாப்பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே கேட்டு அதன்படி வெறும் வயிற்றோடு கொண்டுபோங்கள், மயக்கத்துக்கும் நல்லது, வழியில் வாந்தியும் எடுக்காது.

அன்டிபயோட்டிக் மட்டும் வாங்கிக் கொடுத்தால் நாற்றம் பத்து நாள் போகும், பிறகு திரும்பிவிடும், காரை அங்கேயே இருக்கிறதே. வலிக்கு வீட்டில் இருக்கும் பெனடோல், ஐபுபுரூஃபன், டிக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். கடைசி இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பெனடோல் அளவு தப்பினால் ஈரல் போகும்.

ஜிம்மிக்குச் சில பல்லைப் பிடுங்க வேண்டி வரலாம், எனக்கு அது ஆச்சரியமாக இருக்காது. ஆடும் பல்லைவிடப் பல் இல்லாத ஈறு நாய்க்கு எவ்வளவோ மேல், புண் ஆறியதும் சோறும் மீனும் முன்னைவிட ஆசையாகச் சாப்பிடும், பல வீட்டில் "நாய் திரும்பவும் குட்டி மாதிரி ஆயிருச்சு" என்று சொல்வார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இரவு குளிரில் விடாதீர்கள். மயக்கம் தெளியும் நாய்க்கு உடம்புச் சூடு குறைந்திருக்கும், நம் பக்கத்து இரவுக் குளிர் அதற்குத் தாங்காது, உள்ளே சாக்கின் மேல் கம்பளி விரித்துப் படுக்கவையுங்கள். டொக்டர் சொல்லும் நாள்வரை குழைந்த சோறு, கடிக்கிற பொருள் எதுவும் வேண்டாம். ஈறு ஆறியது என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகு மேலே எழுதியபடி விரலில் ஆரம்பியுங்கள்.

குட்டியின் விஷயம் சுலபம். நாய்க் குட்டிக்கு 28 பால்பல், அவை நான்கு மாதத்திலிருந்து ஆறு ஏழு மாதத்துக்குள் விழுந்து 42 பல் வரும். இப்போது உங்கள் குட்டி எதையும் கடித்துக் குதறும், பல்லைக் கீழே பார்ப்பீர்கள், அங்கங்கே கொஞ்சம் இரத்தமும் வரும், அது சாதாரணம். நனைத்த துணியைக் குளிரவைத்துக் கடிக்கக் கொடுங்கள். பல் மாறி முடியும்வரை பிரஷ் வேண்டாம், ஈறு நொந்திருக்கும், உதட்டைத் தூக்கிப் பார்ப்பதையும் விரல் தடவலையும் மட்டும் பழக்குங்கள். ஏழு மாதத்தில் வேட்டைப்பல் நான்கையும் ஒருமுறை பாருங்கள். பழைய பல் விழாமல் புதிய பல்லும் பக்கத்திலேயே நின்றால், இரண்டுக்கும் நடுவில் சாப்பாடு சிக்கி ஈறு கெடும், புதிய பல் கோணலாகவும் வளரும், பால்பல்லை எடுத்துவிட வேண்டும். சின்ன இன நாய்களில் இது அதிகம். அந்த வயதில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வதாக இருந்தால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிக்கச் சொல்லி டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.